அடைக்கு வைத்த ஃப்ரிட்ஜ்

எங்கள் தெருவில் யார் வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றுபோனாலும் தேடிப் போகிற வீடு ஒன்றுதான். முன்னறை முழுக்கக் கடை. கதவு கழற்றிய ஃப்ரிட்ஜ்கள் மல்லாந்து கிடக்கும். நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போக வழி. அந்த வழியில் போனால் சமையலறை. அதைத் தாண்டினால் பின்முற்றம். முற்றத்து மூலையில் கோழிக்கூண்டு. முன்பக்கம் மெக்கானிக்குடையது, பின்பக்கம் அவர் மனைவியுடையது. சமையலறை பொது.

அவருக்குத் தெரு வைத்த பெயர் கூலிங். அவர் மனைவிக்கு முட்டையக்கா. இரண்டு பெயரிலும் கேலி கொஞ்சம், மரியாதை மீதி.

முட்டையக்காவின் கோழிகள் விலைக்கு வாங்கியவை அல்ல. ஆரம்பத்தில் இரண்டு சாம்பல் பெட்டைகள் இருந்தன, அவ்வளவுதான். மழைக்காலத்தில் பெரும்பாலான கோழிகள் முட்டையை நிறுத்திவிடும். நிறுத்தாதது எது என்று பார்த்து, அதன் முட்டையை மட்டும் அடைக்கு வைப்பாள். சீக்கு வந்த வருஷம் எது சாகாமல் நின்றதோ, அதன் முட்டையை மட்டும் வைப்பாள். பல வருஷம் இப்படிப் பொறுக்கிப் பொறுக்கி, கடைசியில் கூண்டில் இருந்ததெல்லாம் ஒரே ஜாடை. சாம்பல் உடம்பு, கறுத்த கால், அடைமழையிலும் முட்டை.

“இது நான் பண்ணின கோழி” என்பாள்.

“கோழியை யாராவது பண்ணுவாங்களா?” என்று தெரு சிரிக்கும். பேக்கரிக்காரர் மட்டும் சிரிக்க மாட்டார். மழைக்காலத்தில் அவருடைய கேக் உப்புவது இந்தக் கூண்டை நம்பித்தான்.

அந்த வருஷம் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. ஒரு நாள் முன்வாசலில் தண்ணீர் தேங்கியதால், பழுதான ஃப்ரிட்ஜ் ஒன்றைக் கூலிங் பின்வழியாக உள்ளே கொண்டுவந்தார். கூண்டு மறித்தது. கூண்டுக் கதவைத் திறந்து சுவரோடு மடக்கினால்தான் ஃப்ரிட்ஜ் திரும்பும். மடக்கினார், திருப்பினார், உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார். கூண்டும் திறந்தே கிடந்தது, முற்றத்துக் கதவும் திறந்தே கிடந்தது. முட்டையக்கா பேக்கரிக்கு முட்டைக் காசு வாங்கப் போயிருந்தாள். மழைச் சத்தத்தில் நாய்கள் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

அவள் திரும்பி வந்தபோது முற்றம் முழுக்க ஈரத்தில் ஒட்டிய சாம்பல் இறகுகள். ஒரு பெட்டைகூட மிச்சமில்லை. சேவலும் இல்லை.

அவள் கத்தவில்லை. படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கூலிங் பின்னால் வந்து நின்றார். என்ன சொல்வதென்று தெரியாத மனிதர்கள் எதையாவது சொல்லிவிடுவார்கள்.

“சரி, போனா போகுது விடு. சந்தையில ஒரு டஜன் வாங்கித் தர்றேன்.”

கதவைத் திறந்து போட்டதற்கு அவள் அவரை மன்னித்திருப்பாள். இந்த வார்த்தைக்கு மன்னிக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றது என்றால் வாய் நின்றது என்று அர்த்தமில்லை. அவரிடம் சொல்ல வேண்டியதை அவர் காதுபட வாளியிடம் சொல்வாள், துடைப்பத்திடம் சொல்வாள். “தட்டு போட்டாச்சு. ஆறிப்போனா என்னைக் கேக்காத” என்பாள் விளக்குமாற்றிடம். கூலிங் வந்து உட்கார்ந்து சாப்பிடுவார். “உப்பு கொஞ்சம் கம்மியோ?” என்பார். “சிலருக்கு நாக்கு மட்டும் நல்லா வேலை செய்யுது, வாளி” என்பாள்.

இரண்டாம் நாள் அவள் தம்பி வந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். எந்த வீட்டுத் துக்கத்துக்கு வந்தாலும் முதலில் டீ கேட்பான்.

“டீ போடுக்கா. அந்தக் கூடையில என்ன?”

“பேக்கரிக்கு எடுத்து வச்ச முட்டை. குடுக்கல.”

“ஏன்?”

“ஏன்னா? சேவலும் இல்ல, பெட்டையும் இல்ல. அதுங்க விட்டுட்டுப் போனது இது மட்டும்தான்டா. இதைப் பொரிக்க வச்சா உண்டு. இல்லேன்னா இந்த ஜாதியே முடிஞ்சுது.”

தம்பி கூடையைப் பார்த்தான். முப்பது முட்டைக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். உமியில் புதைந்து, பழுப்பு நிறத்தில், ஒன்றும் தெரியாதவை போலக் கிடந்தன.

“அடைக்கோழி ஒண்ணு கிடைச்சாப் போதும்தானே? நான் கொண்டுவர்றேன்.”

எங்கள் தெருவில் வேறு யாரும் கோழி வளர்ப்பதில்லை. ஊரெல்லாம் சுற்றிவிட்டுச் சாயங்காலம் அவன் ஒரு கோழியோடு வந்தான். அது ஆட்டோவின் பின்சீட்டில் தனியாக, சவாரி வருகிற அம்மாள் மாதிரி உட்கார்ந்து வந்தது. முட்டைமேல் வைத்தார்கள். உட்கார்ந்தது. எல்லோரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, ஒரு முட்டையைக் கொத்தி உடைத்துக் குடித்துவிட்டு, சுவரேறிப் போய்விட்டது.

“வாடகைக்கு வந்தவ வீட்டையே வித்துட்டுப் போயிட்டா” என்றான் தம்பி. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்டோவின் பின்சீட்டைத் துடைக்கப் போனான்.

கூலிங் கடையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் தம்பியை ஓரமாகக் கூப்பிட்டார்.

“மாப்ள, முட்டை எத்தனை நாள் தாங்கும்?”

“என்னை ஏன் மாமா கேக்கறீங்க? முட்டைக்காரி அங்க நிக்கறா.”

“நீ கேட்டுச் சொல்லு.”

தம்பி வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து பதில் வந்தது. யாரிடம் என்று தெரியாது, பானை மூடியாக இருக்கலாம். “ஒரு வாரம் தாங்கும். மிஞ்சினா பத்து நாள். அதுக்கு மேல பொரியாது, பொரிச்சுத்தான் திங்கணும்.”

கூலிங் அன்றே எல்லா வேலையையும் ஒதுக்கினார். செத்துப்போன ஃப்ரிட்ஜ் ஒன்றை நிமிர்த்தி நிறுத்தினார். கம்ப்ரசரைக் கழற்றி எறிந்தார். உள்ளே இரண்டு குண்டு பல்பு, ஒரு சின்ன ஃபேன், சூடு ஏறினால் பல்பை அணைத்து இறங்கினால் போடுகிற ஒரு கன்ட்ரோலர். கீழ்த்தட்டில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர். கதவில் ஒரு சதுரம் வெட்டிக் கண்ணாடி பதித்தார். அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டை ஒன்று இருக்கும், அதையும் அடைத்தார். கடைசியாகக் கதவைச் சுற்றிப் புது ரப்பர் போட்டார்.

ஃப்ரிட்ஜ் கதவைச் சுற்றி ஓடுகிற அந்த ரப்பருக்குக் கேஸ்கட் என்று பெயர். கூலிங்கின் வேலையில் தெரு எதை மறந்தாலும் கேஸ்கட்டை மறக்காது. அவர் போட்ட கேஸ்கட் கதவைச் சாத்தினால் முத்தமிடுகிற சத்தம் கேட்கும். ஒரு துண்டுப் பேப்பரை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்துவார். இழுத்தால் பேப்பர் கிழியுமே தவிர வராது. நாலு பக்கமும் அப்படிச் சோதித்த பிறகுதான் சாமானைக் கையில் கொடுப்பார்.

“எறும்பு போகாது, எறும்போட மூச்சுகூடப் போகாது” என்றார் தம்பியிடம், பேப்பரைக் கிழித்துக் காட்டி.

தெருவுக்கு நல்ல தீனி. “கூலிங், ஆயுசு பூரா சாமானைக் குளிர வச்சே, இப்ப சூடேத்தப் போறியா?” என்றார் எதிர்வீட்டு டெய்லர். “முட்டையை ஃப்ரிட்ஜ்ல வைக்கிறது எல்லா வீட்லயும் நடக்கறதுதானே” என்றார் பேக்கரிக்காரர். சொல்லிவிட்டு உடனே, “கொஞ்சம் பாத்துச் செய்ங்கண்ணே, கேக்கு கல்லாட்டம் வருது” என்றார்.

முட்டையக்கா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். முட்டைகள் பழசாகிக்கொண்டே இருந்தன. அந்த மனிதரை நம்ப அவளுக்கு இஷ்டமில்லை, நம்பாமலிருக்க நேரமில்லை. சாயங்காலம் ஒவ்வொரு முட்டையையும் எடுத்து, அடுப்புக் கரியால் ஒரு பக்கம் புள்ளியும் மறுபக்கம் கோடும் போட்டாள். திருப்பிவைக்கும்போது எது எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். கூடையை அவர் கையில் தரவில்லை. ஃப்ரிட்ஜ் முன்னால் தரையில் வைத்தாள்.

“உன்னை நம்பித்தான் குடுக்கறேன்” என்றாள் ஃப்ரிட்ஜிடம்.

கதவு முத்தமிட்டு மூடியது.

முட்டை திருப்புகிற வேலையை அவள் யாருக்கும் விடவில்லை. விடிந்ததும் ஒரு தடவை, அரிசி உலையில் போட்டதும் ஒரு தடவை, வெயில் இருந்தால் துணி உலர்த்திவிட்டு ஒரு தடவை, விளக்குப் போட்டதும், படுக்கப் போகுமுன்பும். கதவைத் திறப்பாள், புள்ளி கோடாகும், கோடு புள்ளியாகும், மூடுவாள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கூலிங் கன்ட்ரோலரைப் பார்த்து நெளிவார். ஏற்றி வைத்த சூடு போகிறதே என்று அவருக்கு வயிறு எரியும்.

“மாப்ள, சட்டுனு மூடச் சொல்லு.”

“மாமா சட்டுனு மூடச் சொல்றாருக்கா.”

“கோழி எந்திரிச்சு இரை எடுக்கப் போகாதா? அப்ப சூடு போகாதா? கேளு துடைப்பமே.”

ஒரு வாரம் போனதும் முட்டையில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வீட்டில் பகலில் இருட்டு என்றால் ஒரே இடம்தான், புது ஃப்ரிட்ஜ் வந்த பெரிய அட்டைப்பெட்டி. அதைக் கவிழ்த்துக் கூலிங் உள்ளே நுழைந்தார். டார்ச் பிடிக்க ஒரு கை, முட்டை பிடிக்க ஒரு கை, எடுத்துக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். தம்பியின் உடம்பு அட்டைப்பெட்டிக்கு அடங்கவில்லை. முட்டையக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடியே உள்ளே போனாள்.

“உள்ள சண்டை போடாதீங்க. சாமான் உடையும்” என்றான் தம்பி வெளியிலிருந்து.

முதல் முட்டை டார்ச்சின்மேல் செக்கச்செவேலென்று எரிந்தது. உள்ளே சிலந்தி வலை மாதிரி நரம்புகள். நடுவில் ஒரு சின்னப் புள்ளி. அது துடித்தது. நின்று, துடித்து, நின்று, துடித்தது.

கூலிங் முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஓடுது” என்றார் கூலிங்.

“என்ன மாமா ஓடுது?”

“கம்ப்ரசர் ஓடுது மாப்ள. இத்தனூண்டு கம்ப்ரசர்.”

அடுத்ததைப் பார்த்தார்கள். அதற்கடுத்ததும். சிலது வெறுமையாக எரிந்தது, அவற்றை ஒதுக்கினார்கள். மற்றவை எல்லாம் துடித்தன. பாதி பார்த்து முடித்தபோது கூலிங் கையிலிருந்த முட்டையைப் பார்த்தபடியே அதனிடம் சொன்னார்.

“உன்னைச் சந்தையில வாங்க முடியாது. எனக்கு அது தெரியல அன்னிக்கு.”

அதுவரை ஒவ்வொரு முட்டையையும் அவர் முன்னால் துணியின்மேல் வைத்துக்கொண்டிருந்த முட்டையக்கா, அடுத்ததை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

மூன்றாவது வாரம் மழை மறுபடி இறங்கியது. கடைசி மூன்று நாள் முட்டையைத் திருப்பக் கூடாது, கதவைத் திறக்கவே கூடாது என்று கூலிங் யாரிடமோ கேட்டு வந்திருந்தார். அது சரியான பேச்சுதான், அக்காவுக்கும் தெரியும். அடைக்கோழியும் கடைசியில் எழுந்திருக்காது. திருப்புவதை நிறுத்தினாள். கதவு மூடியபடியே இருந்தது. கூலிங்குக்கு அவ்வளவு சந்தோஷம். கன்ட்ரோலரின் எண் அசையவில்லை. “சூடு துளி போகல பாரு. நம்ம கேஸ்கட்!” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார்.

முதல் சத்தம் ஒரு காலையில் வந்தது. கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டால், ஓட்டுக்குள்ளிருந்து மெலிசாக, கீ, கீ. அக்கா காதை எடுக்கவே இல்லை. டெய்லர் வந்து கேட்டார், பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வந்து கேட்டார். ஓரத்து முட்டை ஒன்றில் நட்சத்திரம் மாதிரி சின்ன விரிசல் விழுந்தது. பிறகு இன்னொன்றில். ஒன்றில் மூக்கின் நுனி தெரிந்தது.

“வந்துரும். மத்தியானத்துக்குள்ள வந்துரும்” என்றான் தம்பி. அன்று சவாரியே எடுக்கவில்லை.

மத்தியானம் வந்தது. குஞ்சு வரவில்லை. விரிசல் விட்ட முட்டைகள் விரிசலோடு அப்படியே கிடந்தன. தெரிந்த மூக்கு அசையவில்லை. காதை வைத்தால் சத்தம் குறைந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வைத்தால் இன்னும் குறைந்திருந்தது.

முட்டையக்கா கதவருகே போனாள். கூலிங் சட்டென்று ஃப்ரிட்ஜ் முன்னால் தரையில் உட்கார்ந்து, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

“மாப்ள, இப்ப திறந்தா எல்லாம் கெட்டுச்சுன்னு சொல்லு. ஈரம் போயிரும். சவ்வு காஞ்சு குஞ்சைப் பிடிச்சுக்கும்.”

“மாமா திறக்கக் கூடாதுங்கறாருக்கா.”

“சத்தம் கம்மியாகுதுடா.”

“களைச்சுப் போய்த் தூங்குதுங்க. சொல்லு மாப்ள.”

“தூங்குதாம்.”

“பொறக்கறப்ப யாராவது தூங்குவாங்களா?” என்றாள். முதல் தடவையாக அவள் எந்த வாளியையும் பார்க்கவில்லை. ஆனால் அவரையும் பார்க்கவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் இடி விழுந்தது. எங்கேயோ மரம் முறிகிற சத்தம். கண்ணாடிக்குள் இரண்டு பல்பும் அணைந்தன. தெரு முழுக்க ஃபேன்கள் நின்றன.

இப்போது திறந்துதான் ஆக வேண்டும். சூட்டுக்கு வழி செய்ய வேண்டும். அக்கா பின்முற்றத்துத் தாழ்வாரத்தில் கரி அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டாள். தம்பி பாட்டில்களில் ஊற்றித் துணி சுற்றினான். கூலிங் கதவைத் திறந்து, சட்சட்டென்று பாட்டில்களை முட்டைகளுக்கு அருகில் செருகினார். அது போதாது என்று, கீழ்த்தட்டில் ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்து, ஓட்டை போட்ட பால்பவுடர் டப்பாவை அதற்குக் காவலாக நிறுத்தினார். கதவு முத்தமிட்டு மூடியது.

கண்ணாடி வழியே அந்தச் சின்ன வெளிச்சம் தெரிந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை கூரையைக் குத்தியது. சுடர் முதலில் நிமிர்ந்து எரிந்தது. பிறகு குட்டையானது. பிறகு நீலமானது. அப்புறம் இல்லை.

“வத்தி நமுத்துப் போச்சு மாமா. மழைக்கு.”

வேறு வத்தி எடுத்து வைத்தார்கள். அதுவும் நன்றாகத்தான் பிடித்தது. இந்தத் தடவை இன்னும் சீக்கிரம் குட்டையாகி, நீலமாகி, அணைந்தது. அணைந்த வத்தியைக் கூலிங் வெளியே எடுத்தார். திரியைக் கிள்ளிக் கொளுத்தினார். கையில் பிடித்திருந்தபோது பிரமாதமாக எரிந்தது.

“இதுக்கு என்ன கேடு?” என்றார்.

முட்டையக்கா பின்முற்றத்தைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே அவள் வெந்நீர் இறக்கிய அடுப்பு இருந்தது. மிச்சக் கரி வீணாகக் கூடாது என்று வழக்கம்போல அதன்மேல் இரும்புச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு வந்திருந்தாள்.

“என்னங்க” என்றாள்.

தம்பி நிமிர்ந்தான். கூலிங் அசையவே இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் அந்த வார்த்தை அந்த வீட்டில் கேட்டதில்லை.

“நான் தினமும் அடுப்புக் கரியை எப்படி அணைக்கிறேன்?”

“சட்டியைக் கவுத்துத்தான்” என்றார் அவர். அவள் பேசிவிட்ட சந்தோஷத்தில் முகம் மலர்ந்து, பரீட்சையில் விடை தெரிந்தவர் மாதிரி சொன்னார். “மேல சட்டியைக் கவுத்தா நெருப்புக்கு மூச்சு முட்டி…”

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முகம் மலர்ந்த வேகத்திலேயே வெளுத்தது. கையில் எரிகிற வத்தியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கதவைச் சுற்றி ஒரு நூல் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்த, அவர் கையாலேயே போட்ட, எறும்பின் மூச்சுகூடப் போகாத ரப்பரைப் பார்த்தார்.

“ஐயோ” என்றார். “நீ அஞ்சு தடவை திறந்துக்கிட்டிருந்தே. அதனாலதான் அதுங்க இத்தனை நாள் பொழைச்சுதுங்க. நான் மூடிட்டேன்.”

“அப்புறம் அழலாம். திறங்க!”

கதவைத் திறந்தார். திறந்தே வைத்தால் குளிர்ந்துவிடும், மூடினால் அடைத்துவிடும். டிரில் போடக் கரண்ட் இல்லை. கூலிங் ஒரு கணம்தான் நின்றார். பிறகு கதவின் மேல்மூலையில் நகத்தைக் கொடுத்துக் கேஸ்கட்டைப் பிடித்து இழுத்தார். புதிதாகப் போட்டது, வர மறுத்தது. காலைக் கதவில் ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தார். சரசரவென்று பள்ளத்திலிருந்து பிய்ந்து, பாம்பு மாதிரி சுருண்டு அவர் தோளில் விழுந்தது. ஆயிரம் வீட்டில் கேஸ்கட் போட்ட கை அது. பிய்த்துப் போட்டு யாரும் பார்த்ததில்லை. அடைத்து வைத்திருந்த ஓட்டையையும் ஸ்குரூ டிரைவரால் குத்தித் திறந்தார்.

ரப்பர் இல்லாத கதவு இப்போது ஒட்டவில்லை. விரல் நுழைகிற இடுக்கு விட்டுக் கயிற்றால் கட்டினார்கள். பாட்டில்களை மறுபடி சுடவைத்து மாற்றினாள் அக்கா. ஈரத்துக்குத் துணியை நனைத்துப் பிழிந்து ஓரத்தில் தொங்கவிட்டாள். வத்தியைக் கொளுத்தி உள்ளே வைத்தார்கள்.

சுடர் நிமிர்ந்து நின்றது. குட்டையாகவில்லை.

மூன்று பேரும் ஃப்ரிட்ஜ் முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். கண்ணாடியில் காதை வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. தம்பி பன் வாங்கி வந்தான், யாரும் தொடவில்லை, பிறகு அவனே இரண்டைத் தின்றான்.

“அக்கா, ஒருவேளை…”

“வாயை மூடு.”

“இல்லக்கா, ஒருவேளை எல்லாமே…”

“உன்னையும் கட்டிப் போட்டுருவேன் அந்தக் கயித்துல.”

கீ.

“நானில்ல” என்றான் தம்பி.

கீ, கீ. இடுக்கு வழியாகவே கேட்டது. இன்னொரு மூலையிலிருந்து ஒன்று பதில் சொன்னது. பிறகு நடுவிலிருந்து. அசையாமல் நின்றிருந்த அந்த மூக்கு ஓட்டைக் குத்தியது. ஒரு துண்டு தெறித்தது. விரிசல் முட்டையைச் சுற்றிக் கோடு கிழித்துக்கொண்டே போனது, யாரோ உள்ளிருந்து கத்தரிக்கோல் போடுவது மாதிரி. கூலிங் கயிற்றை அவிழ்க்கக் கை நீட்டினார்.

“பாவம், தவிக்குது. நான் கொஞ்சம் பிச்சு விடறேன்.”

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “கூடாது. அதுவா வரணும். பிச்சா ரத்தம் வரும்.”

“எவ்வளவு நேரம்?”

“அதுக்குத் தெரியும்.”

பிடித்த கையை அவள் விடவில்லை. அவரும் எடுக்கவில்லை. தம்பி மூன்றாவது பன்னைத் தின்றபடி வேறு பக்கம் பார்த்தான்.

முட்டையின் மூடி திறந்தது. உள்ளிருந்து ஈரமாக, அசிங்கமாக, நனைந்த பஞ்சு மாதிரி ஒன்று விழுந்தது. தலையைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை, படுத்துக்கொண்டது. மறுபடி தூக்கியது. அதன் கால் கறுப்பு.

“கறுப்புக் கால்!” என்று கத்தினாள் முட்டையக்கா. “பாருங்க, கறுப்புக் கால்!” அந்தக் கத்தலுக்கு எதிர்வீட்டு டெய்லர் குடையில்லாமல் ஓடி வந்தார். பேக்கரிக்காரர் வந்தார். மழையில் ஓடி வந்தவர்களுக்கு உள்ளே நிற்க இடமில்லை, மல்லாந்து கிடந்த ஃப்ரிட்ஜ்கள்மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். இரண்டாவது விழுந்தது. மூன்றாவது விழும்போது கரண்ட் வந்து இரண்டு பல்பும் எரிந்தன. முன்னறை முழுக்கக் கைதட்டியது. கரண்டுக்குத் தட்டினார்களா குஞ்சுக்குத் தட்டினார்களா என்று அவர்களுக்கே தெரியாது.

அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை. ஒன்று வெளியே வந்தால் அதன் சத்தத்துக்குப் பக்கத்து முட்டை வேகம் பிடித்தது. கூலிங் ஒவ்வொன்றுக்கும் “வா வா வா” என்று வழி சொன்னார், லாரியைப் பின்னால் எடுக்க வழி சொல்கிற மாதிரி. நாலு முட்டை கடைசிவரை திறக்கவில்லை. அக்கா அவற்றைத் தனியாக எடுத்து, துணியில் சுற்றி, முற்றத்து மண்ணில் புதைத்தாள். கூலிங் தோண்டிக் கொடுத்தார். இருவரும் கொஞ்ச நேரம் அங்கே நின்றார்கள். பிறகு உள்ளேயிருந்து வந்த சத்தம் அவர்களை அங்கே நிற்கவிடவில்லை.

காலையில் மழை விட்டிருந்தது. குஞ்சுகள் காய்ந்து, ஊதின சாம்பல் பந்துகளாகி, அட்டைப்பெட்டியில் பல்புக்கடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. நொய்யரிசியைத் தூவி விரலால் தட்டினால் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பின. முட்டையக்கா தலைகூடச் சீவாமல் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். கூலிங் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்ததைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார். அவர் சட்டைப்பையில் ஒன்று தூங்கியது.

கடை வாசலில் வண்டி நின்றது. ஐஸ்கிரீம் கடைக்காரர்.

“கூலிங்! ராத்திரி கரண்ட் வந்த வேகத்துல நம்ம பெட்டி படுத்துருச்சு. மொத்தச் சரக்கும் கஞ்சியா ஓடுது. உடனே வாய்யா!”

கூலிங் எழுந்திருக்கப் போனார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். பிறகு முன்னறை, ஃப்ரிட்ஜ்கள், வாசல் எல்லாவற்றையும் தாண்டித் தெருவே கேட்கிற குரலில் சொன்னாள்.

“இன்னிக்கு அவருக்கு லீவு! வீட்ல பிரசவம்!”

வாசலில் வண்டியின் சத்தம் நின்றது.

“பிரசவமா? யாருக்கும்மா?”

“அவருக்குத்தான்!”

எதிர்வீட்டில் தையல் மெஷின் நின்றது. டெய்லர் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஐஸ்கிரீம் கடைக்காரர் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். எதை நம்புவதென்று தெரியாமல், கேட்க வேண்டியதைக் கேட்டு வைத்தார்.

“என்ன குழந்தை?”

முட்டையக்கா கூலிங்கைப் பார்த்தாள். அவர் சட்டைப்பையைப் பார்த்தாள்.

“இன்னும் தெரியல. வளரட்டும். கூவினா பையன்.”